அணுவைக் ‘கண்டோம்’ என்னும் கூற்று

‘கண்டோம்’ என்னும் சொல் அன்றாட வழக்கில் எவ்வித ஆராய்ச்சிக்கும் உட்படாது செல்வது. கண்ணெதிரே மரம் நிற்கின்றது. அதனைக் கண்டோம் என்கின்றோம். அவ்வளவில் வழக்கு முடிந்துவிடுகின்றது. ஆனால் அதே சொல்லை ஆய்வுகூடத்தினர் ஒருவர் அணுவைப் பற்றிக் கூறும்போது, அக்கூற்றின் பின்னே எத்தனை அனுமானங்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பதனையும், அவ்வனுமானங்களுக்கு யார் பொறுப்பு என்பதனையும் நாம் கேட்க வேண்டியவர்களாகின்றோம். இவ்வினாவில் அறிவாராய்ச்சியும் அறவியலும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதனைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

அணு உண்டு என்று வாதிட்டோரை நோக்கி, அதனை நீர் கண்டதுண்டோ என ஏர்ணஸ்ட் மாக் கேட்பார் என்று சொல்வதுண்டு. அவருடைய காலத்தில் அது நியாயமான கேள்வியே. 1908ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் ஜோன் பெரின் செய்த பரிசோதனைகள் அணுவின் இருப்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின எனினும், அவை அணுவைக் காட்டவில்லை; திரவத்தில் மிதந்த நுண்துணிக்கைகளின் அலைவினைக் கொண்டு அணுக்களை எண்ணும் வழியையே காட்டின. 1955இல் பென்சில்வேனியாவிலே ஏர்வின் முல்லர் தங்குதன் ஊசியொன்றின் முனையிலிருந்த தனித்தனி அணுக்களின் படத்தைத் திரையில் வீழ்த்தினார். 1970இல் சிக்காகோவில் அல்பேட் குரூவும் அவரோடு பணிபுரிந்தோரும் அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் தோரியம் முதலிய பாரமான அணுக்களைத் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகப் பதிவு செய்தனர். மாக் உயிரோடிருந்திருப்பின் தம் கேள்வியைக் கைவிட்டிருப்பாரா என்பதை அறியோம். வேறொரு கேள்வியைத் தொடுத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அவ்வேறொரு கேள்விக்குரிய சந்தர்ப்பம் 2015இல் தெளிவாக அமைந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜியன்வெய் மியாவோ குழுவினர், தங்குதன் ஊசி முனையொன்றிலுள்ள 3,769 அணுக்களின் முப்பரிமாண இடங்களைத் தனித்தனியே கணித்து வெளியிட்டனர். ஒவ்வோர் அணுவின் இடமும் ஏறத்தாழ 19 பிக்கோமீற்றர் திட்பத்துடன் தரப்பட்டிருந்தது. தங்குதனில் அண்டையிலுள்ள இரு அணுக்களுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 274 பிக்கோமீற்றர் என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், அத்தூரத்தின் பதினான்கிலொரு பங்கு வரையிற் பிழை சுருக்கப்பட்டது என்பது விளங்கும். வியக்கத்தக்க சாதனை என்பதில் இருகருத்துக்கு இடமில்லை. ஆனால் நுணுக்குக்காட்டியில் உண்மையாகவே பதிவானவை 62 தட்டையான படங்கள் மாத்திரமே. அந்த 3,769 அணுக்களுள் ஒன்றேனும் தன் முப்பரிமாண இடத்தோடு எந்தப் படத்திலும் இல்லை. அறுபத்திரண்டு நிழல்களிலிருந்து ஒரு திண்மத்தைக் கட்டியெழுப்பியது கணனியே.

நிழல் என்ற சொல்லை உவமையாக மட்டும் இங்கு ஆளவில்லை. இலத்திரன் கற்றை மெல்லிய மாதிரியொன்றை ஊடுருவிச் செல்லும்போது கிடைக்கும் படம், கற்றையின் வழியிலுள்ள பொருள் யாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துத் தரும் ஓர் எறியமாகும். ஆழம் அதிலே தொலைந்துவிடுகின்றது. மாதிரியைப் பல கோணங்களிற் சாய்த்துப் பல எறியங்களைப் பெற்றால், தொலைந்த ஆழத்தைக் கணிதத்தால் மீட்கலாம். இதற்கான அடிப்படைத் தேற்றத்தை யோகான் இராடன் 1917இலேயே நிறுவியிருந்தார். அன்று அது தூய கணிதம். ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னரே அதன் பயன் வெளிப்பட்டது. 1968இல் டேவிட் டிரோசியரும் ஆரன் குளூக்கும் வைரசு ஒன்றின் வாற்பகுதியை இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலிருந்து முப்பரிமாணத்தில் மீளமைத்தனர். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் எக்ஸ் கதிர்ப் பொறி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. இன்று வைத்தியசாலைகளிற் சாதாரணமாக வழங்கும் ‘ஸ்கான்’ அவ்வழி வந்ததே.

இராடனின் தேற்றம் எல்லாக் கோணங்களிலுமிருந்து எறியங்கள் கிடைப்பதாகக் கொள்கின்றது. நடைமுறையில் அவ்வாறு கிடைப்பதில்லை. மாதிரியைத் தாங்கும் தட்டு ஓரளவுக்கு மேற் சாயும்போது கற்றையை அதுவே மறைத்துவிடும். வழக்கமான தட்டொன்று இருபுறமும் 70 பாகை வரை சாயுமெனின், எஞ்சிய 40 பாகை அளவான ஆப்பு வடிவத் தகவல் முற்றாக இல்லாமற் போய்விடும். அதன் விளைவாக மீளமைக்கப்பட்ட உருவம் கற்றையின் திசையிலே நீண்டு தோன்றும். உருண்டையான அணு முட்டை வடிவாகும். ஊசி வடிவ மாதிரியை முழுவட்டமாகச் சுழற்றி இக்குறையைத் தவிர்க்கலாம் என்பதே தங்குதன் முனை தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கான காரணங்களுள் ஒன்று. கோணங்களின் தொகையிலும் குறையுண்டு. 1970இல் குறௌதரும் பிறரும் தந்த விதியின்படி, 10 நனோமீற்றர் குறுக்களவுள்ள பொருளொன்றை 0.1 நனோமீற்றர் பிரிவலுவுடன் மீளமைக்க முந்நூறுக்கு மேற்பட்ட எறியங்கள் வேண்டும். அத்தனை படங்களை எடுப்பதற்குள் மாதிரி தாங்குமா என்பதே ஐயம். இலத்திரன்கள் அணுக்களை மோதி இடம்பெயரச் செய்கின்றன. காண்பதற்காகப் பாய்ச்சும் கதிரே காணப்படும் பொருளை மாற்றிவிடுகின்றது. முதற் படத்திலிருந்த பொருளும் இறுதிப் படத்திலிருக்கும் பொருளும் ஒன்றுதானா என்பதைச் சோதித்த பின்னரே இவை யாவும் ஒரே பொருளின் எறியங்கள் என்று கூற இயலும்.

இக்குறைகளுக்கெல்லாம் அடியில் கணிதம் சார்ந்த உண்மையொன்று கிடக்கின்றது. எல்லைப்பட்ட எண்ணிக்கையான எறியங்கள் எவ்வளவு பிழையற்றனவாயினும், அவை பொதுவாக ஒரேயொரு பொருளைத் தீர்மானிப்பதில்லை. அதே எறியங்களை அச்சொட்டாகத் தரும் வேறு பொருள்கள் எண்ணிறந்தன உள்ளன. அவற்றுள் எது மெய்ப்பொருள் என்பதைத் தரவு மட்டும் சொல்லாது. தரவுக்கு வெளியேயிருந்து ஏதோவொன்று வந்தே தெரிவு செய்கின்றது. அந்த ஏதோவொன்றுதான் நாம் முன்னரே அறிந்தவை, அல்லது அறிந்ததாக நம்புபவை. செறிவு எதிர்க்குறி பெறாது. பொருள் வெற்றிடத்தாற் சூழப்பட்டது. பொருள் அணுக்களால் ஆனது. அணுக்கள் பளிங்குச் சாலகத்தில் ஒழுங்காக நிற்கின்றன. இவ்வாறு கருதுகோள்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேரச் சாத்தியமான உருவங்களின் தொகை சுருங்கி, இறுதியில் ஒன்று நிற்கின்றது.

இதன் ஒரு முனையைக் காட்டுவது 2011இல் அன்ற்வேர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்ட்றா வான் ஆர்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. அலுமினியத்தினுட் பதிந்திருந்த வெள்ளி நனோத்துணிக்கையொன்றின் அணு அமைப்பை அவர்கள் இரண்டே திசைகளிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு மீளமைத்தனர். முந்நூறு எங்கே, இரண்டு எங்கே! ஒவ்வொரு நிரலிலும் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதைப் படத்தின் ஒளிர்விலிருந்து எண்ணினர். அணுக்கள் யாவும் சாலகப் புள்ளிகளிலேயே உள்ளன, துணிக்கையினுள்ளே வெற்றிடங்கள் இல்லை என்று கொண்டனர். அக்கருதுகோள்களை அவர்கள் மறைக்கவில்லை. அந்த மாதிரிக்கு அவை பொருத்தமானவையும்கூட. எனினும் அப்படத்திற் காணும் அணுக்கள் சாலகத்தில் ஒழுங்காக நிற்கின்றன என்று எவரேனும் அப்படத்தையே சான்று காட்டுவாராயின், அவர் தாம் வைத்ததையே தாம் எடுத்துக்காட்டியவராவார்.

சிவஞான சித்தியாரின் அளவையியற் பகுதியைக் கற்றோர்க்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. காண்டல், கருதல், உரை என அங்கு அளவைகள் மூன்றனுள் அடக்கப்படுகின்றன. குற்றமற்ற காண்டல் ஐயமும் திரிபும் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்பதும் ஆங்கே வற்புறுத்தப்படுவது. நம் மீளமைத்த படம் இம்மூன்றனுள் எதன்பாற்படும்? 62 படங்களும் காண்டலைச் சார்ந்தவை. அவற்றிலிருந்து திண்மத்தைப் பெறுவது கருதல். அணு இப்படித்தான் இருக்கும் என்று முந்திய ஆசிரியர்கள் சொன்னதைக் கருதுகோளாக ஏற்பது உரை. மூன்றும் கலந்து பிறந்த ஒன்றினைக் காண்டல் என்ற ஒரே பெயரால் அழைக்கின்றோம் என்பதிலேதான் இடர் தொடங்குகின்றது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பவன் நெருப்பைக் கண்டதாகச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நமது கண்ணும் இதனையே செய்கின்றது அன்றோ? விழித்திரையில் வீழ்வது தட்டையான உருவம். ஆழத்தைச் சேர்ப்பது மூளை. பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் விழித்திரைக்குப் பார்வையே இல்லை. ஆயினும் உலகில் ஓட்டை எதனையும் நாம் காண்பதில்லை. மூளை அவ்விடத்தை அக்கம்பக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடுகின்றது. கண்ணுக்கு மன்னிப்பு உண்டெனில் கணனிக்கு ஏன் இல்லை? வலுவான மறுப்புத்தான். இதனை நான் ஏற்பது ஓரளவுக்கே. கண் தவறும்போது நாம் தலையைத் திருப்புகின்றோம், கிட்டப் போகின்றோம், கையால் தொட்டுப் பார்க்கின்றோம். பழுதை பாம்பெனத் தோன்றிய திரிபு விளக்கைக் கொண்டுவந்ததும் தீர்கின்றது. அந்த ஊசி முனையைப் பொறுத்தவரை கொண்டுவருவதற்கு வேறு விளக்கு இல்லை. 62 படங்களை எடுத்தாயிற்று.

பொருளறிவியலின் தனித்தன்மை ஒன்று இவ்விடரை மேலும் கூர்மையாக்குகின்றது. ஒரு பொருளின் ஒழுங்கினை அறிவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை; எக்ஸ் கதிர்க் கோணலே அதனைக் கூறிவிடும். உலோகம் வளைவதும் முறிவதும், ஊக்கியின் மேற்பரப்பிலே தாக்கம் நிகழ்வதும் ஒழுங்கு தவறிய இடங்களைப் பெரிதும் சார்ந்தவை. விடுபட்ட அணு, இடம்மாறி நிற்கும் அணு, பளிங்குத் தளங்களின் இடப்பிறழ்வு ஆகியவற்றைக் காண்பதற்கே தனித்தனி அணுக்களின் இடம் வேண்டப்படுகின்றது. ஒழுங்கு உண்டு என்ற கருதுகோள் இரைச்சலைத் துடைக்கின்றது. அதே துணியால் ஒழுங்கீனத்தையும் துடைத்துவிடக்கூடும். படம் அழகாகின்றது, அழகாகும் அதே வேளையில், எதனைத் தேடிப் புறப்பட்டோமோ அது மறைந்திருக்கலாம். நமது செய்முறை வகுப்புகளை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலை அளக்கும் மாணவன், விடை 9.8 என்பதை முன்பே அறிந்திருப்பதால், அதற்கு ஒவ்வாத வாசிப்பை நிறுத்தற் கடிகாரத்தின் தவறு என்று ஒதுக்கிவிடுகின்றான். அவன் பொய் சொல்வதாக எண்ணுவதில்லை. பிழையைத் திருத்துவதாகவே எண்ணுகின்றான். நானும் அவ்வாறு எண்ணியவன்தான்.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு உயிரியல் மூலக்கூறுகளின் படமாக்கலிலிருந்து உதாரணமொன்று கூறலாம். 2013இல் றிச்சட் ஹெண்டர்சன் எழுதிய குறிப்பொன்றில் எடுத்துக்காட்டியவாறு, வெறும் இரைச்சலால் ஆன ஆயிரம் படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐன்ஸ்ரைனின் உருவப்படத்தோடு மிகவும் ஒத்துவரும் நிலைக்கு நகர்த்திப் பின்னர் சராசரி எடுத்தால், ஐன்ஸ்ரைனின் முகமே வெளிப்படும். ஆயிரம் படங்களில் ஒன்றிலேனும் அம்முகம் இல்லை. எவரும் எதனையும் திட்டமிட்டுப் புனையவில்லை. வரிசைப்படுத்தும் விதியிலேயே முகம் இருந்தது.

ஆகவே செம்மை என்ற சொல்லை நாம் கவனத்துடன் ஆள வேண்டும். மீண்டும் மீண்டும் அளக்கும்போது விடைகள் தம்முள் எவ்வளவு ஒத்துவருகின்றன என்பது திட்பம். விடை உண்மைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பது செம்மை. தரவினை இரு கூறாக்கித் தனித்தனியே மீளமைத்து ஒப்பிடுவதும், ஓர் எறியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எஞ்சியவற்றிலிருந்து அதனை ஊகித்துச் சரிபார்ப்பதும், கிடைத்த அணு மாதிரியிலிருந்து இலத்திரன் சிதறலைக் கணித்து மூலப் படங்களோடு ஒப்பிடுவதும் நல்ல வழக்கங்கள். இவை இல்லாத ஆய்வை நம்பவே கூடாது. ஆனால் இரு கூறுகளும் ஒரே கருதுகோளைச் சுமந்திருப்பின், அவை தம்முள் ஒத்துவருவது அக்கருதுகோள் மெய் என்பதற்குச் சான்றாகாது. ஒரே ஆசிரியரிடம் பயின்ற இரு சாட்சிகள் ஒரே கூற்றைச் சொல்வது போன்றதே அது. 19 பிக்கோமீற்றர் என்ற எண் முதலில் திட்பத்தைக் கூறுவது. செம்மையாக அதனை வாசிப்பதற்கு மேலும் பல படிகள் ஏற வேண்டும். செய்தித்தாள்கள் அப்படிகளை ஏறுவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆய்வாளர்களும் சில வேளைகளில் தாவி விடுகின்றனர்.

இவ்வாறான ஐயம் வெறும் தத்துவவாதியின் பொழுதுபோக்கு அன்று என்பதை 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த கருத்து மோதல் காட்டும். மியாவோ குழுவினர் பிளாற்றினம் நனோத்துணிக்கையொன்றினுள் இடப்பிறழ்வுகளை முப்பரிமாணத்திற் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். பீற்றர் றெஸ், மைக்கேல் ட்றீசி என்னும் இருவர் அதே இதழில் மறுப்பு எழுதினர். இரைச்சலை நீக்கப் பயன்பட்ட வடிகட்டலைப் பற்றியது அவர்களுடைய ஐயம். குழுவினர் மறுமொழி தந்தனர். யார் வென்றார் என்பது இங்கு எமது அக்கறையன்று. மூலப் படங்களும் வடிகட்டிய முறையும் வெளிப்படையாக இருந்தமையாலேயே அத்தகைய மறுப்பு சாத்தியமாயிற்று என்பதும், மறுக்கப்பட்ட குழு அடுத்த ஆண்டுகளிலே தன் முறைகளை மேலும் இறுக்கமாக்கிக்கொண்டே தங்குதன் ஊசிக்கு வந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இங்கு இரு நிலைப்பாடுகளை எதிர்கொள்கின்றோம். பாஸ் வான் ஃபிராசன் 1980இல் வெளிவந்த தமது நூலில், வெறுங்கண்ணுக்கு எட்டாதவற்றைப் பற்றிய கோட்பாடு தோற்றப்பாடுகளோடு பொருந்துகின்றது என்பதற்கு மேல் நம்பவேண்டிய கடப்பாடு எமக்கில்லை என்றார். இயன் ஹாக்கிங் 1983இல், தலையிட்டு மாற்றக்கூடியதும் வெவ்வேறு பௌதிகக் கொள்கைகளில் இயங்கும் கருவிகள் ஒரேவிதமாகக் காட்டுவதும் மெய்யெனக் கொள்ளத்தகும் என்றார். அணு உண்டா என்ற கேள்வியில் நான் ஹாக்கிங்கின் பக்கம். ஆனால் இக்குறித்த அணு இக்குறித்த இடத்தில் உள்ளதா என்ற கேள்வியில் வான் ஃபிராசனின் தயக்கம் எமக்கு வேண்டும். முன்னதிற்குச் சான்றுகள் நூறு திசைகளிலிருந்து வருகின்றன. பின்னதிற்கு 62 திசைகள் மாத்திரமே.

கருதுகோளே பாவம் என்பது என் கருத்தன்று. கருதுகோள் இன்றி மீளமைப்பு இல்லை. மீளமைப்பு இன்றி நிழல்களே எஞ்சும். நான் கேட்பது, கருதுகோள் தோற்கக்கூடிய இடம் அம்முறையினுள் விடப்பட்டிருக்கின்றதா என்பதே. 2017இல் அதே குழுவினர் இரும்பும் பிளாற்றினமும் கலந்த நனோத்துணிக்கையொன்றில் 6,569 இரும்பணுக்களையும் 16,627 பிளாற்றினம் அணுக்களையும் இடங்கண்டனர். இரும்பின் அணுவெண் 26, பிளாற்றினத்தினது 78. ஆதலால் ஒளிர்வு வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் இயன்றது. அங்கே ஒழுங்கான பகுதிகளோடு, இடம்மாறி நின்ற அணுக்களும் மணியெல்லைகளும் வெளிப்பட்டன. ஒழுங்கைக் கட்டாயப்படுத்திய முறையொன்றுக்கு அவை அகப்பட்டிரா. 2021இல் அவர்கள் எடுத்துக்கொண்டது சாலகமே இல்லாத உருவற்ற திண்மம், எட்டு உலோகங்களின் கலவை. எட்டினையும் தனித்தனியே அடையாளங் காண முடியவில்லை. அணுவெண் நெருங்கிய உலோகங்களை ஒன்றாக்கி மூன்று வகைகளாகவே அறிவித்தனர். பார்ப்பதற்குக் குறைபாடு போலத் தோன்றும் இச்செய்கையை, 19 பிக்கோமீற்றரைவிடவும் உயர்வாக நான் மதிக்கின்றேன். எட்டு நிறங்களிற் படம் வரைந்திருந்தால் அது இன்னும் அழகாயிருந்திருக்கும்.

அண்மைக் காலத்திலே நிலைமை புதியதொரு திருப்பத்தை எடுத்துள்ளது. காணாமற்போன ஆப்பினை நிரப்புவதற்கு நரம்பு வலையமைப்பைப் பயிற்றும் முறையினைக் கொரிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். கணனியில் ஆக்கப்பட்ட அணு மாதிரிகளையும் அவற்றின் குறைபட்ட மீளமைப்புகளையும் வலையமைப்புக்குக் காட்டி, குறைபட்டதிலிருந்து நிறைவானதைப் பெறக் கற்பிக்கின்றனர். பின்னர் மெய்யான பிளாற்றினம் துணிக்கையின் மீளமைப்பைக் கொடுக்கும்போது, மங்கியிருந்த மேற்பரப்பு அணுக்கள் தெளிவுபெறுகின்றன. ஊக்கியாகத் தொழிற்படுவது அம்மேற்பரப்பே ஆதலின் இதன் பயன் பெரிது. பொருள் தனித்தனி அணுக்களால் ஆனது என்பதே அவ்வலையமைப்பு கற்றுக்கொண்ட பாடத்தின் சாரம். நூறாண்டுகளுக்கு முன்னர் நிறுவப்பட வேண்டியிருந்த முடிபு இன்று கருவியினுள் முற்கோளாக அமர்ந்திருக்கின்றது.

இது நியாயமான முற்கோள். அதனை எவரும் இன்று மறுக்கார். ஆயினும் முன்னைய கருதுகோள்கள் வாக்கியமாக எழுதப்பட்டன. வாசகர் அவற்றைப் படித்து மறுக்கலாம். வலையமைப்பின் கருதுகோள் பல இலட்சம் எண்களாகப் பரந்து கிடக்கின்றது. அதனை அமைத்தவர்க்கே அதனை ஒரு வாக்கியமாகச் சொல்லுதல் அரிது. பயிற்சிக்குக் காட்டப்பட்ட மாதிரிகளில் இல்லாத ஓர் ஒழுங்கீனம் மேற்பரப்பில் இருக்குமாயின், வலையமைப்பு அதனைக் காட்டுமா, திருத்திவிடுமா? ஆய்வாளர்கள் இதனைப் பல்வேறு பாவனைத் தரவுகளாற் சோதிக்கின்றனர். அச்சோதனைகளும் நாம் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒழுங்கீனங்களையே உள்ளடக்கும்.

படங்கள் ஆய்வுக் கட்டுரையை விட்டு வெளியேறிப் பாடநூல்களிலும் விரிவுரைத் திரைகளிலும் உலாவும்போது, கட்டுரையின் பின்னிணைப்பிலிருந்த கருதுகோள்கள் அவற்றோடு உடன்வருவதில்லை. வண்ண உருண்டைகளாய் அணுக்கள் நிற்கும் படமொன்றை விரிவுரையாளர் மாணவருக்குக் காட்டுகின்றார். இதுவே பிளாற்றினத்தின் மேற்பரப்பு என்கின்றார். அப்படத்திலே எறியங்களாற் கட்டாயப்படுத்தப்பட்ட அணுக்களை ஒரு நிறத்திலும், ஆப்பினுள் வலையமைப்பு நிரப்பியவற்றை மற்றொரு நிறத்திலும் வரைதல் தொழில்நுட்ப ரீதியில் அத்துணை எளிதன்று. தகவல் ஓர் அணுவில் முழுமையாகவும் மற்றோர் அணுவில் முழுப் பூச்சியமாகவும் இருப்பதில்லை, எல்லாவற்றிலும் கலந்தே கிடக்கின்றது. ஆனாலும் அணுக்கு அணு எவ்வளவு ஐயம் உண்டு என்பதைக் கணித்துக் காட்டுவதற்கு முறைகள் உருவாகி வருகின்றன. அவ்வாறு வரையப்பட்ட படத்தில் ஊசியின் நடுப்பகுதி கூர்மையாயும் ஓரங்கள் மங்கலாயும் இருக்கும். அட்டைப்படத்துக்கு அது உதவாது. அதனை அச்சிடுவதற்கு இதழாசிரியர் எவரேனும் முன்வருவாரா என்பதும், அதனைக் காட்டும் விரிவுரையாளரை மாணவர் மதிப்பாரா என்பதும் எமக்கு முன்னுள்ள கேள்விகள்.